மருந்துகளால் ஏற்படும் கல்லீரல் பாதிப்பும் தாவர ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்களும்

மருந்துகளால் ஏற்படும் கல்லீரல் பாதிப்பு என்பது, நோயைத் தீர்க்க உட்கொள்ளும் மருந்தோ, அது உடலில் சிதையும்போது உருவாகும் வேதிப்பொருளோ கல்லீரல் செல்களைச் சேதப்படுத்தும் நிலை ஆகும். இச்சேதத்தில் ஆக்சிசனேற்ற அழுத்தத்திற்கு முக்கியப் பங்கு உண்டு. எனவே, தாவரங்களில் உள்ள ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்களால் கல்லீரலைக் காக்க முடியுமா என்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. சிலிமரின், குர்க்குமின், பிக்ரோசைடு, பில்லாந்தின் போன்ற பல தாவரப் பொருட்கள் ஆய்வகத்திலும் எலிகளிலும் நல்ல பலனைக் காட்டியுள்ளன. ஆனால், மனிதர்களிடம் உறுதியான பலன் காட்டியவை மிகச் சிலவே. அதோடு, கல்லீரலைக் காப்பதாகக் கருதப்படும் சில தாவரச் சாறுகளே கல்லீரல் அழற்சியை ஏற்படுத்துவதும் பதிவாகியுள்ளது.

கல்லீரல் ஏன் பாதிக்கப்படுகிறது?

வாய்வழி உட்கொள்ளும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, வாயிற்சிரை வழியாக முதலில் கல்லீரலை அடைகிறது. கொழுப்பில் கரையும் பொருட்களை நீரில் கரையும் பொருட்களாக மாற்றி, சிறுநீர் அல்லது பித்தநீர் வழியாக வெளியேற்றுவது கல்லீரலின் பணிகளுள் ஒன்று. இம்மாற்றத்தின் முதற்கட்டத்தைச் சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம் செய்கிறது. இந்த முதற்கட்டத்தில்தான் சில வேளைகளில் மூல மருந்தைவிட நச்சுத்தன்மை மிகுந்த இடைப்பொருட்கள் உருவாகின்றன. அடுத்த கட்டத்தில் குளூட்டாதயோன், குளுக்குரோனிக் அமிலம், சல்பேட்டு போன்றவை இந்த இடைப்பொருட்களுடன் இணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. நச்சு உருவாகும் வேகத்தை அதைச் செயலிழக்கச் செய்யும் வேகம் ஈடுசெய்ய முடியாதபோது செல்கள் சேதமடைகின்றன.

இப்பாதிப்பு பொதுவாக இரு வகைப்படும். முதல் வகை, அளவைப் பொறுத்தது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெரும்பாலும் எவருக்கும் ஏற்படக்கூடியது. பாராசிட்டமால் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டாவது வகை, ஆளைப் பொறுத்தது. வழக்கமான அளவில் மருந்து உட்கொள்ளும் பலருள் ஒரு சிலருக்கு மட்டும் ஏற்படும். மரபுக் கூறுகளும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினையும் இதற்குக் காரணமாகின்றன. காசநோய் மருந்துகள், வலிப்பு மருந்துகள், சில நுண்ணுயிர்க் கொல்லிகள் ஆகியவை இவ்வகையில் அடங்கும். இந்த வேறுபாடு முக்கியமானது. முதல் வகையில் ஆக்சிசனேற்றச் சேதத்தைத் தடுப்பது நேரடியாகப் பயன் தரக்கூடும். நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குதல் நடத்தும் இரண்டாம் வகையில் அது மட்டும் போதாது.

இரத்தத்தில் ஏ.எல்.டி. நொதியின் அளவு உயர்வது செல் சேதத்தின் அறிகுறியாகும். இதுவே பல ஆய்வக அறிக்கைகளில் எஸ்.ஜி.பி.டி. என்று குறிக்கப்படுகிறது. நொதி மட்டும் உயர்வதைவிட, அதனுடன் பிலிரூபினும் உயர்ந்து மஞ்சள் காமாலை தோன்றுவது கூடுதல் ஆபத்தைக் குறிக்கும். மருந்தால் ஏற்பட்ட செல் சேதத்துடன் காமாலையும் உள்ளவர்களுள் ஏறத்தாழ 10 சதவீதத்தினர் இறக்கவோ கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையை நாடவோ நேரிடலாம். இதைக் கண்டறிந்த மருத்துவர் ஐமன் சிம்மர்மனின் பெயரால் இது 'ஐயின் விதி' எனப்படுகிறது.

பாராசிட்டமாலும் குளூட்டாதயோனும்

மருந்து நச்சும் ஆக்சிசனேற்ற எதிர்ப்பும் எவ்வாறு தொடர்புடையவை என்பதைப் பாராசிட்டமால் தெளிவாகக் காட்டுகிறது. வழக்கமான அளவில் உட்கொண்ட பாராசிட்டமாலின் பெரும்பகுதி குளுக்குரோனிக் அமிலத்துடனும் சல்பேட்டுடனும் இணைந்து தீங்கின்றி வெளியேறுகிறது. ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் மட்டும் பி450 நொதிகளால் 'நாப்கி' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நச்சுப்பொருளாக மாறுகிறது. கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் இதனுடன் உடனே இணைந்து நச்சை நீக்கிவிடுகிறது. குளூட்டாதயோன் உடல் தானே உற்பத்தி செய்துகொள்ளும் ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருள் ஆகும்.

அளவு மிகும்போது நிலைமை மாறுகிறது. முதலிரு வழிகளும் நிரம்பிவிட, கூடுதலான மருந்து நாப்கியாக மாறுகிறது. குளூட்டாதயோன் இருப்பு கிட்டத்தட்ட தீர்ந்த நிலையில், நாப்கி செல்லின் புரதங்களுடன், குறிப்பாக மைட்டோகாண்டிரியாவின் புரதங்களுடன், பிணைகிறது. அங்கே ஆக்சிசன் தனி உறுப்புகள் பெருகி, ஆற்றல் உற்பத்தி நின்று, செல் இறக்கிறது. இந்தத் தொடர்நிகழ்வை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 1973-இல் விளக்கினர்.

இதற்கான மாற்று மருந்து அசிட்டைல்சிசுட்டைன் ஆகும். இது தாவரப் பொருள் அன்று. குளூட்டாதயோனைத் தயாரிக்கத் தேவையான சிசுட்டைன் என்னும் அமினோ அமிலத்தைக் கல்லீரலுக்கு வழங்கும் சேர்மம். எடின்பரோவில் லாரி பிரெசுகாட்டும் அவருடைய குழுவினரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, இம்மருந்தில் நேரத்தின் மதிப்பைக் காட்டுகிறது. மிகை அளவு பாராசிட்டமால் உட்கொண்ட 10 மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கப்பட்ட 62 பேரில் ஒருவருக்கு மட்டுமே கடுமையான கல்லீரல் சேதம் ஏற்பட்டது. 10 முதல் 24 மணி நேரம் கடந்து தொடங்கப்பட்ட 38 பேரில் 20 பேருக்கு அச்சேதம் ஏற்பட்டது. முதல் 8 மணி நேரத்திற்குள் கொடுப்பதே மிகச் சிறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிகை அளவு பாராசிட்டமால் உட்கொண்டவருக்கு முதல் நாளில் குமட்டல், வாந்தி தவிர வேறு தொல்லை தெரியாமலும் இருக்கலாம். காமாலை தோன்றும் வரை காத்திருந்தால் மாற்று மருந்து சிறப்பாக வேலை செய்யும் காலம் கடந்துவிடும். இந்நேரத்தில் கீழாநெல்லிச் சாறோ வேறு மூலிகையோ கொடுத்துக் காத்திருப்பது, இருக்கும் சிகிச்சையை இழப்பதற்கு ஒப்பாகும்.

தாவரப் பொருட்கள் செயல்படும் விதம்

பாலிபீனால்கள், பிளாவனாய்டுகள், கரோட்டினாய்டுகள், லிக்னான்கள் ஆகியவை தாவர ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்களுள் முக்கியமானவை. இவை தனி உறுப்புகளுக்கு எலக்ட்ரானை வழங்கி, அவற்றை நேரடியாக அடக்குகின்றன என்பது பரவலான விளக்கம். சோதனைக் குழாயில் இது உண்மையே. ஊதா நிறக் கரைசலில் தாவரச் சாற்றைச் சேர்த்து, நிறம் மங்குவதை அளவிடும் டி.பி.பி.எச். சோதனை இந்த அடிப்படையில் அமைந்தது.

உடலுக்குள் கணக்கு வேறு. கல்லீரல் செல்லில் குளூட்டாதயோன் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. உண்ட பாலிபீனால்களோ குடலிலும் கல்லீரலிலும் விரைவாக மாற்றமடைந்து, இரத்தத்தில் பெரும்பாலும் மைக்ரோமோலார் அளவையோ அதற்கும் குறைவான அளவையோதான் எட்டுகின்றன. இது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு. ஆகவே, தாவரப் பொருள் குளூட்டாதயோனுக்கு மாற்றாக நின்று தனி உறுப்புகளை அடக்கும் என எதிர்பார்ப்பது கடினம்.

இன்றைய ஆய்வாளர்கள் மறைமுக வழிக்கே கூடுதல் முக்கியத்துவம் தருகின்றனர். செல்லில் என்.ஆர்.எப்.2 என்னும் புரதம் வழக்கமாகக் கீப்1 என்னும் மற்றொரு புரதத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். குர்க்குமின், புரோக்கோலியில் கிடைக்கும் சல்போராபேன் போன்ற பொருட்கள் கீப்1-ஐ மாற்றமடையச் செய்யும்போது என்.ஆர்.எப்.2 விடுபட்டு, செல்லின் கருவுக்குள் சென்று, குளூட்டாதயோனை உருவாக்கும் நொதிகள் உட்படப் பல காப்பு நொதிகளின் உற்பத்தியை உயர்த்துகிறது. இப்பொருட்கள் செல்லுக்குச் சிறு தொந்தரவாக அமைந்து அதன் சொந்தக் காப்பை எழுப்புகின்றன. அதே தொந்தரவு அளவு மீறினால் தீங்காகவும் மாறக்கூடும்.

ஆராயப்பட்ட முக்கியத் தாவரங்கள்

சிலிபம் மரியானம்: ஆங்கிலத்தில் மில்க் திசில் எனப்படும் இந்த முட்செடி மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்தது. இதன் விதையில் உள்ள சேர்மங்களின் தொகுப்பு சிலிமரின் எனப்படுகிறது. அதில் முதன்மையானது சிலிபினின். இதன் பெயர் பெற்ற பயன்பாடு மருந்து நச்சுக்கு எதிரானது அன்று. அமனிட்டா பல்லாய்டசு என்னும் கொடிய நச்சுக் காளானை உண்டவர்களுக்கு ஐரோப்பாவில் சிலிபினின் சிரைவழி செலுத்தப்படுகிறது. காளானின் நச்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கடத்துப் புரதத்தைச் சிலிபினின் தடுக்கிறது. அதாவது, இங்கு அது முதன்மையாக வாயிலை அடைக்கும் பணியைச் செய்கிறது. ஆக்சிசனேற்ற எதிர்ப்பு அதற்கு அடுத்த நிலையிலேயே வருகிறது. ஹெப்படைட்டிசு சி நோயாளிகள் 154 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிட உயர்ந்த அளவு சிலிமரின்கூட வெற்று மருந்தைவிட ஏ.எல்.டி. அளவைக் குறைக்கவில்லை.

கீழாநெல்லி: தமிழ்நாட்டில் காமாலை என்றதும் நினைவுக்கு வரும் மூலிகை இதுவே. பில்லாந்தின், ஐப்போபில்லாந்தின் ஆகிய லிக்னான்கள் இதில் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு. பி. தியாகராசனும் குழுவினரும் 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஹெப்படைட்டிசு பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 30 நாள் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 59 சதவீதத்தினரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் இது 4 சதவீதமே. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் இம்முடிவு உறுதிப்படவில்லை. கீழாநெல்லி என்ற பெயரில் சந்தையில் விற்கப்படும் மூலிகையில் பில்லாந்தசு பேரினத்தின் வேறு இனங்களும் கலந்திருப்பது ஒப்பீட்டை மேலும் கடினமாக்குகிறது. மேலும் இது வைரசு பற்றிய ஆய்வு. மருந்தால் ஏற்படும் பாதிப்புக்குக் கீழாநெல்லி பயன்படும் என்பதற்கு இதை நேரடிச் சான்றாகக் கொள்ள இயலாது.

கடுகுரோகிணி: இமயமலையின் உயர்ந்த பகுதிகளில் வளரும் கசப்பு மிகுந்த இச்செடியின் வேர்த்தண்டிலிருந்து, இலக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 'பிக்ரோலிவ்' என்னும் சாற்றைத் தயாரித்தது. பாராசிட்டமால் உட்படப் பல நச்சுகளுக்கு எதிராக விலங்குகளில் இது பலன் காட்டியது. மனிதர்களில் நடந்த ஆய்வுகள் குறைவு. மிகுதியாகத் தோண்டி எடுக்கப்படுவதால் இச்செடியே அருகி வருகிறது. இதன் பன்னாட்டு வணிகம் இன்று கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

அதிமதுரம்: இதன் வேரில் உள்ள கிளைசிரைசின் சப்பானில் நெடுங்காலமாகக் கல்லீரல் நோய்க்கு ஊசியாகப் பயன்படுகிறது. இதிலிருந்து பெறப்பட்ட மக்னீசியம் ஐசோகிளைசிரைசினேட்டு, மருந்தால் ஏற்படும் கல்லீரல் பாதிப்புக்குச் சீனாவில் அங்கீகரிக்கப்பட்டுள்ளது. மனிதர்களில் ஒப்பீட்டு ஆய்வு நடந்த அரிய எடுத்துக்காட்டு இது. இதன் செயல் பெரும்பாலும் அழற்சி எதிர்ப்பைச் சார்ந்தது. அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயர்வதும் பொட்டாசியம் குறைவதும் அறியப்பட்ட பக்கவிளைவுகள்.

மஞ்சள்: குர்க்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் குர்க்குமின் அளவு 2000 சதவீதம் உயர்வதைப் பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினர். மஞ்சள் மாத்திரைகளில் மிளகுச் சாறு சேர்க்கப்படுவதற்கு இதுவே அடிப்படை.

எலி ஆய்வுகளின் வரம்புகள்

'கல்லீரல் காப்புத் திறன்' குறித்து வெளியாகும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே அமைப்பைப் பின்பற்றுகின்றன. எலிகளுக்குச் சில நாட்கள் தாவரச் சாறு கொடுக்கப்படுகிறது. பின்னர் கார்பன் டெட்ராகுளோரைடோ பாராசிட்டமாலோ கொடுக்கப்பட்டு நொதிகள் அளக்கப்படுகின்றன. இம்முறையில் நான்கு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, வரிசை. சாறு நச்சுக்கு முன்பே கொடுக்கப்படுகிறது. மருத்துவமனைக்கு வரும் நோயாளியோ நச்சு உட்சென்ற பிறகே வருகிறார்.

இரண்டாவது, நச்சு உருவாவதே தடைபடுதல். கார்பன் டெட்ராகுளோரைடும் பாராசிட்டமாலும் பி450 நொதிகளால்தான் நச்சாக மாறுகின்றன. தாவரச் சாறோ, அதைக் கரைக்கப் பயன்படுத்திய டி.எம்.எசு.ஓ. போன்ற கரைப்பானோ அந்நொதியைத் தடுத்தாலே சேதம் குறையும். ஆய்வாளர் அதை ஆக்சிசனேற்ற எதிர்ப்பின் பலன் எனத் தவறாகக் கொள்ள வாய்ப்புண்டு.

மூன்றாவது, விலங்கின் தேர்வு. பெரிய எலிகள் பாராசிட்டமாலை ஓரளவு தாங்கக்கூடியவை. இவ்வகையில் சுண்டெலியே மனிதனுக்கு நெருக்கமானது. ஆயினும் பல ஆய்வுகள் பெரிய எலிகளிலேயே நடத்தப்படுகின்றன.

நான்காவது, அளவு. எலிக்குக் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்ற அளவில் கொடுக்கப்படும் சாற்றை மனிதருக்கு ஏற்ப மாற்றினால், நாள்தோறும் உட்கொள்ள இயலாத அளவாக அது அமையலாம்.

காசநோய் சிகிச்சையில் எழும் சிக்கல்

ஐசோநியசிடு, ரிபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்று காசநோய் மருந்துகளும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 1288 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தால் ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பில் ஏறத்தாழ 46 சதவீதம் காசநோய் மருந்துகளால் ஏற்பட்டிருந்தது. மாற்று மருத்துவ மருந்துகளும் மூலிகைகளும் ஏறத்தாழ 14 சதவீதத்துடன் அடுத்த இடத்தில் இருந்தன.

ஐசோநியசிடு கல்லீரலில் அசிட்டைலேற்றம் அடைகிறது. இதைச் செய்யும் நொதி மரபு காரணமாகச் சிலருக்கு மெதுவாக இயங்கும். அத்தகையவர்களுக்கு ஐதரசீன் போன்ற நச்சு இடைப்பொருட்கள் கூடுதலாகத் தேங்குகின்றன. இச்சிகிச்சையுடன் கொடுக்கப்படும் வைட்டமின் பி6 மாத்திரை நரம்புகளைக் காப்பதற்கானது. கல்லீரலை அது காப்பதில்லை.

காசநோய் மருந்துகளுடன் சிலிமரின் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளின் முடிவுகள் முரண்படுகின்றன. 2015-இல் தாய்லாந்தில் வெளியான ஒரு சிறிய ஆய்வு பலன் காட்டியது. அதே ஆண்டில் சீனாவில் கூடுதலானோரிடம் நடந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே இதை வழக்கமான தடுப்பு முறையாகக் கொள்ளும் அளவுக்குச் சான்று இல்லை.

நோயாளி இரு பக்கமும் ஆபத்தில் நிற்கிறார். கண் மஞ்சளான பிறகும் மூலிகையை நம்பி மாத்திரைகளைத் தொடர்ந்தால் கல்லீரல் செயலிழக்கலாம். தானாகவே மாத்திரைகளை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறினால் காசநோய் முற்றுவதோடு, மருந்துக்கு அடங்காத காசநோயாகவும் மாறலாம். பொதுவான நெறிமுறை இதுதான்: அறிகுறிகளுடன் ஏ.எல்.டி. இயல்பு வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டினாலும், அறிகுறியின்றி ஐந்து மடங்கைத் தாண்டினாலும் மருத்துவர் அம்மருந்துகளை நிறுத்துவார். நொதிகள் இறங்கிய பின் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவார்.

இங்கு மற்றொரு குழப்பமும் எழுகிறது. காரணமான மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் கல்லீரல் தானே சீராகிறது. அக்காலத்தில் எந்த மூலிகையை உட்கொண்டிருந்தாலும் குணமான பெருமை அதற்கே போய்ச்சேரும். ஹெப்படைட்டிசு ஏ காமாலையிலும் இதுவே நடக்கிறது. வெற்று மருந்துடன் ஒப்பிடும் ஆய்வுகள் தேவைப்படுவது இதனால்தான்.

மூலிகைகளே பாதிப்பு ஏற்படுத்தும் நிலை

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் நோயெதிர்ப்பை வளர்க்கச் சீந்தில் பரவலாக உட்கொள்ளப்பட்டது. அதை உட்கொண்ட ஆறு பேருக்குத் தன்னெதிர்ப்பு வகையை ஒத்த கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர். இந்திய ஆயுசு அமைச்சகம் இதை ஏற்கவில்லை. இந்தியாவின் பல மையங்களிலிருந்து 43 நோயாளிகளைப் பற்றிய தொகுப்பு அடுத்து வெளியானது.

அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை ஆராய்ந்தபோது, ஏழு பேரிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்னும் மரபுக்கூறு காணப்பட்டது. அவர்களுள் ஒருவர் இறந்தார். இத்தாலியிலும் 2019-இல் இதே போன்ற பாதிப்புகள் பதிவாயின. பச்சைத் தேயிலையின் முதன்மை ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருளான ஈ.ஜி.சி.ஜி., துணை உணவாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொள்ளப்பட்டால் கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது.

சமையலில் சேர்க்கும் மஞ்சளோ, குடிக்கும் தேநீரோ இங்குக் குற்றம் சாட்டப்படவில்லை. பல மடங்கு செறிவூட்டப்பட்டு, உறிஞ்சுதலும் உயர்த்தப்பட்ட மாத்திரைகளே பெரும்பாலும் காரணமாகின்றன. அவற்றிலுள்ள பைப்பரின், வலிப்பு மருந்தான பெனிட்டாயின் போன்ற பிற மருந்துகளின் இரத்த அளவையும் உயர்த்தவல்லது.

கவனிக்க வேண்டியவை

- பாராசிட்டமாலின் உயர்ந்தபட்ச நாளளவு, நலமான பெரியவர்களுக்கு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு உட்கொண்டால் 3.9 கிராம் ஆகிவிடும். எடை குறைந்தவர்கள், நாள்தோறும் மது அருந்துபவர்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதைவிடக் குறைவாகவே உட்கொள்ள வேண்டும். சளி, இருமல் மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உள்ளதால் உறையில் உள்ள கலவையைப் படிப்பது அவசியம்.
- மிகை அளவு உட்கொண்டது தெரிந்தால், உடல் நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
- காசநோய் அல்லது வலிப்பு மருந்து உட்கொள்பவர்கள் பசியின்மை, குமட்டல், கடும் சோர்வு, அடர்நிறச் சிறுநீர், கண் மஞ்சளாதல் ஆகியவற்றைக் கண்டால், அடுத்த மருத்துவச் சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது.
- உட்கொள்ளும் மூலிகை, சூரணம், துணை உணவு மாத்திரை அனைத்தையும் மருத்துவரிடம் கூற வேண்டும். கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கும்போது காரணத்தைக் கண்டறிய இத்தகவல் இன்றியமையாதது.
- காய்கறி, கீரை, பழங்கள் வழியாக ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருட்களைப் பெறுவது பொதுவாகப் பாதுகாப்பானது. உணவில் கிடைக்கும் புரதம், கல்லீரல் குளூட்டாதயோனைத் தயாரிக்கத் தேவையான அமினோ அமிலங்களை வழங்குகிறது. பட்டினி கிடப்பதும் ஊட்டக்குறைவும் குளூட்டாதயோன் இருப்பைக் குறைக்கின்றன. காமாலை வந்தவருக்குக் கடும் பத்தியம் என்ற பெயரில் உணவைப் பெரிதும் குறைப்பது இதனால் தீங்காகவே முடியும்.